எட்டாம் நம்பர் கால்

அந்தச் செருப்புக் கடைக்கு எந்தச் சரக்கு வந்தாலும் அது முதலில் முதலாளியின் காலில் ஏறி இறங்க வேண்டும். பெட்டிகளைப் பிரித்ததும் எட்டாம் நம்பர் ஜோடி ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைப்பார்கள். அவர் வலது காலை நுழைப்பார், கண்ணை மூடுவார், கட்டைவிரலை உள்ளுக்குள் ஆட்டிப் பார்ப்பார். "ம்" என்றால் மொத்தச் சரக்கும் அலமாரிக்குப் போகும். "ம்ஹூம்" என்றால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். கால் அளப்பதற்கென்று கம்பெனிக்காரர்கள் இனாமாகக் கொடுத்த அலுமினியத் தகடு ஒன்று கல்லாவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதன்மேல் அவர் டீ கிளாஸ் வைப்பார்.

"தகடு வெயில்ல விரியும், குளிர்ல சுருங்கும். என் கால் இருபது வயசுலேருந்து எட்டு. செத்தாலும் எட்டு" என்பார் அடிக்கடி. கடைத்தெருவே அவருக்கு எட்டாம் நம்பர் என்று பெயர் வைத்திருந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அது காதுக்கு எட்டியபோது மனிதர் கோபப்படவில்லை. விருது வாங்கினவர் மாதிரி சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்டவரின் கால் வீங்கினால் என்ன ஆகும்? வேறொருவர் என்றால் கால் வீங்கிவிட்டது என்று ஆகும். இவருக்கு, ஊரில் உள்ள செருப்பெல்லாம் சின்னதாகிவிட்டது என்று ஆனது.

முதலில் பழி விழுந்தது சாக்ஸின்மேல். மாலையில் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி ஆழமாக ஒரு வரி. "எலாஸ்டிக்கை இரும்புல பண்றானுங்க" என்று சாக்ஸ் கம்பெனியை மாற்றினார். வரி மாறவில்லை. இன்னொரு கம்பெனி. அதற்கும் அதே வரி. மூன்று கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசி அவருடைய கணுக்காலுக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தார்.

உண்மை என்னவென்றால், அவருடைய இதயம் தளர்ந்துகொண்டிருந்தது. வந்த ரத்தத்தை முழுசாக வெளியே தள்ள அதற்குத் தெம்பில்லை. தேங்கிய நீர் காலிலும் நெஞ்சுக்குள்ளும் சேர்ந்துகொண்டிருந்தது. கவனிக்காமல் விட்டால் மனிதர் கரையிலேயே உட்கார்ந்தபடி மூழ்கிப் போவார். இது ஒரே நாளில் வந்த வினை அல்ல. வருஷக்கணக்காக அவரே பார்த்துப் பார்த்துச் சேர்த்த சொத்து.

ஒரு காலத்தில் பிரஷர் இருக்கிறது என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டார், இறங்கியது. இறங்கிவிட்டதே, இனிமேல் மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டார். தலை சுற்றவில்லை, கண் இருட்டவில்லை, அப்புறம் என்ன பிரஷர் என்பது அவர் கட்சி. ஏறிப்போன பிரஷரை எதிர்த்து இதயம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அது சத்தம் போடாத வேலை என்பதால் அவர் கண்டுகொள்ளவில்லை. "சர்க்கரை எல்லையில இருக்கு சார்" என்று சொன்ன இன்னொரு டாக்டரிடம், "எல்லையத் தாண்டலதானே?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டு வந்தார். சிகரெட்டைப் பலமுறை விட்டிருக்கிறார். விடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சோற்றை வாயில் வைப்பதற்கு முன்பே உப்பு டப்பாவைக் கவிழ்ப்பார். கால் வலிக்கிறது என்று மருந்துக் கடையில் தானாகவே வாங்கிப் போட்ட வலி மாத்திரைகள் உடம்பு நீரை இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தள்ளுபடி விற்பனை நாள். கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அவருக்கு நெஞ்சை யாரோ பிடித்துக் கசக்குவது போல இருந்தது, வியர்த்துக் கொட்டியது, வலி இடது தோளுக்கு ஏறியது. ஒரு சோடா குடித்தார், பெரிதாக ஏப்பம் விட்டார், "கேஸ்" என்று தீர்ப்புச் சொன்னார், மறுபடி கூட்டத்துக்குள் போய்விட்டார். இதயத்தின் ஒரு பக்கம் அன்றைக்கே செத்துப்போனது. அன்றைய விற்பனையைப் பற்றி மட்டும் இன்றுவரை பெருமையாகப் பேசுகிறார்.

அவர் மனைவி கல்லாவில் உட்காருகிறவள். வாயும் கண்ணும் கூர்மை.

"மாடிக் கிடங்குக்கு ஏறினா இப்படி இரைக்குதே, டாக்டர்ட்ட காட்டுங்களேன்" என்பாள்.

"படி கட்டுனவன் சரியில்ல. ஒவ்வொரு படியும் ஒரு உயரம்" என்பார்.

படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். "இப்ப வர்ற பஞ்சு சரியில்ல" என்றார். இருமல் வந்தது. "செருப்புப் பசை நாத்தம்" என்றார். பசியே எடுக்கவில்லை, வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, "இப்பதான் ஒரு முதலாளி மாதிரி இருக்காரு" என்று வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். உடம்பு தேறிவிட்டதாம். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் கரடியாகக் கத்தும்போதெல்லாம் அவரிடம் ஒரு பதில் இருந்தது. "போகப் போகச் சரியாயிடும்." அது கடையின் வாக்கியம். செருப்பு கடிக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அதைத்தான் கொடுத்து அனுப்புவார். லேசாகத் தலையைச் சாய்த்து, குரலைத் தணித்து, பார்வையை வாசல் பக்கம் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்கு நம்பிக்கையும் வரும், கிளம்ப வேண்டும் என்ற எண்ணமும் வரும். அந்த வித்தையைத் தன்மேலேயே காட்டிக்கொண்ட முதல் செருப்புக் கடைக்காரர் இவராகத்தான் இருப்பார்.

அப்போதுதான் புதுச் சரக்கு வந்தது. எட்டாம் நம்பர் ஷூவை அவர் முன்னால் வைத்தான் மைத்துனன். மனைவியின் தம்பி, கடையின் விற்பனையாள், கிடங்குக்குப் பொறுப்பு, எல்லாம் அவன்தான். முதலாளி காலை நுழைத்தார். நுழையவில்லை. குதிகாலுக்கு ஷூ மாட்டும் கரண்டியைப் போட்டு நெம்பிப் பார்த்தார். கால் பாதி வழியில் நின்றுவிட்டது. முகம் சிவந்தது.

"ஒன்பதை எடு."

ஒன்பது ஏறியது. கண்ணை மூடினார். கட்டைவிரலை ஆட்டினார். "இதுதான்டா எட்டு" என்றார்.

"மாமா, அது ஒன்பது."

"கம்பெனிக்காரன் ஒன்பதுன்னு அடிச்சா ஒன்பதாயிடுமா? தோலை மிச்சம் பிடிக்கறான் மாப்ள. எட்டுன்னு சொல்லி ஏழைக் கொடுக்கறான், ஒன்பதுன்னு சொல்லி எட்டைக் கொடுக்கறான். என் கால் பொய் சொல்லுமா?"

மைத்துனன் அலுமினியத் தகட்டைப் பார்த்தான். அதன்மேல் டீ கிளாஸ் இருந்தது. "ஒரு தடவ தகட்டுல..." என்று ஆரம்பித்தான். முதலாளி பார்த்த பார்வையில் மீதி வார்த்தை தொண்டைக்குள்ளேயே செரித்துவிட்டது. அக்கா வீட்டுச் சோறு சாப்பிடுகிறவன். அந்தச் சோறு அவன் வாயை அடைத்துப் பல காலம் ஆகிறது.

சரக்கைத் திருப்பி அனுப்பினால் அடுத்ததிலும் இதே பித்தலாட்டம்தான் இருக்கும் என்பதால், முதலாளி தானே உலகத்தைத் திருத்த முடிவு செய்தார். ஸ்டிக்கர் அச்சடிக்கச் சொன்னார். ஒன்பதின்மேல் எட்டு, எட்டின்மேல் ஏழு, ஏழின்மேல் ஆறு. பெட்டியிலும் ஒட்ட வேண்டும், ஷூவின் அடியில் பதித்த எண்ணின் மேலும் ஒட்ட வேண்டும். மைத்துனன் கிடங்கில் உட்கார்ந்து விரல் நுனி தேய ஒட்டினான். கடையில் ஒரே ஒரு கால் தப்பாக இருந்தது. அதற்காக மற்ற எல்லாக் கால்களின் கணக்கும் மாற்றப்பட்டது.

சீக்கிரமே தெருவில் தடக் தடக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. தபால்காரர் ஷூவை ஒரு வாசலில் விட்டுவிட்டு அடுத்த வாசலில் நின்றார். பள்ளிக்கூட வாத்தியார் கரும்பலகை பக்கம் திரும்பினார், அவர் ஷூ வகுப்பைப் பார்த்தபடியே நின்றது. ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள்.

"எட்டுதான் வாங்கினேன். தொளதொளன்னு இருக்கே!"

முதலாளி ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், நிமிர்வார். "ஷூ சரியாத்தான் இருக்கு. உங்க கால் இளைச்சுப் போச்சு."

அதில்தான் வேடிக்கை. பாதிப் பேர் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். பாங்கியில் வேலை பார்க்கும் ஒரு பருத்த அம்மாள், "அப்படியா? எனக்கே தோணுச்சு" என்று பூரித்துப்போய் இன்னொரு ஜோடியும் வாங்கிக்கொண்டாள். ஊர் இளைத்துக்கொண்டே போனது. முதலாளி மட்டும் ஊதிக்கொண்டே போனார். சில வாரத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய எட்டும் அவரைப் பிடிக்க ஆரம்பித்தது. கம்பெனிக்காரன் இன்னும் தோலை மிச்சம் பிடிக்கிறான் என்று, மறுபடி ஸ்டிக்கர் அடிக்கலாமா என யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் நர்ஸ் வந்தாள். வாங்கிப்போன வெள்ளை ஷூவைக் கையில் பிடித்திருந்தாள்; முழங்கையில் கட்டு.

"ஆறுன்னு கொடுத்தீங்க. வார்டுல மருந்துத் தட்டோட வழுக்கி விழுந்தேன். நோயாளி மேலயே விழுந்திருப்பேன். என்ன சொல்றீங்க?"

முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. "உட்காருங்க சிஸ்டர். உங்க கால் இளைச்சு..."

"என் காலைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் முன்னால் இருந்த குட்டை முக்காலியில் உட்கார்ந்து, ஷூவைப் போட்டுவிடக் குனிந்தார். இந்த வேலையை அவர் தூக்கத்தில்கூடச் செய்வார். ஆனால் குனிந்ததும் மூச்சு நின்றது. நிமிர்ந்தார், இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார், மறுபடி குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார். உதடு கறுத்தது. நர்ஸ் சண்டையை மறந்துவிட்டாள். அவள் கண் கீழே இறங்கி அவர் காலில் நின்றது.

"சார், சாக்ஸைக் கழட்டுங்க."

"நீங்க வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா?"

"கழட்டுங்கன்னேன்."

வார்டில் ஆட்களை அதட்டிப் பழகிய குரல் அது. அவர் கழற்றினார். இத்தனை காலம் ஊரார் காலைப் பிடித்தவரின் காலை நர்ஸ் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே, எலும்பின்மேல், கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அழுத்தியபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எடுத்தாள். அங்கே ஒரு பள்ளம் இருந்தது.

"நல்ல தோல்" என்றார் முதலாளி, சிரிக்க முயன்றபடி. "அழுத்தினா பள்ளம் விழும். எழும்பிடும்."

எல்லோரும் பார்த்தார்கள். மைத்துனன் பார்த்தான், மனைவி கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். பள்ளம் எழும்பவில்லை. நல்ல தோல் எது, செத்த தோல் எது என்று விரல் வைத்துச் சொல்லுகிற மனிதர் அவர். அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எழும்பு எழும்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு.

"படுத்தா மூச்சு முட்டுதா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இல்ல" என்றார்.

"நாற்காலியிலதான் தூங்கறாரு" என்றாள் மனைவி.

"மாடி ஏறினா?"

"படி சரியில்..."

"பாதியில உட்கார்ந்துடறாரு. இருமல் இருக்கு. சாப்பாடு இறங்கல. எடை மட்டும் ஏறுது. நான் சொன்னா காதுல போட்டுக்க மாட்டேங்கறாரும்மா." மனைவியின் குரல் உடைந்துவிட்டது. இத்தனை நாளும் கத்தியது கோபத்தில் அல்ல, பயத்தில் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டுவிட்டால் அவர் அவராக இருப்பாரா?

"கால் வீங்கல. அளவு மாறல. எட்டு."

நர்ஸ் கல்லாப் பக்கம் கையை நீட்டினாள். மைத்துனன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு வீரச் செயல் செய்தான். டீ கிளாஸை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தகட்டைக் கொண்டுவந்து தரையில் போட்டான். கால் தகட்டின்மேல் வைக்கப்பட்டது. நீளம் அளக்கும் நகர்கட்டை கால் நுனியைத் தொட்டு எட்டில் நின்றது. அகலத்துக்கு உள்ள பக்கக் கம்பியோ கடைசிக் கோட்டையும் தாண்டிப் போய் நின்றது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பத்து.

"தகடு தப்பு" என்றார்.

நர்ஸ் தன் காலை வைத்தாள். ஆறு. "எனக்குச் சரியாத்தானே காட்டுது?" தன் ஷூவைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த ஆறு என்ற ஸ்டிக்கரை நகத்தால் கீறினாள். உள்ளேயிருந்து ஏழு எட்டிப் பார்த்தது.

"தகடு வெயில்ல விரி..." என்று தொடங்கினார் முதலாளி. விரியும் என்று முடிக்க மூச்சு வரவில்லை. மறுபடி, "வெயில்ல..." என்றார். அதற்கும் பாதிதான் வந்தது. வாழ்நாள் முழுக்க எந்த வாதத்திலும் கடைசி வார்த்தையைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டவர், ஒரு சின்ன வினைச்சொல்லை முடிக்க முடியாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண்ணில் அப்பட்டமான பயம். மைத்துனன் வண்டிக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நீர் பிரிந்தது பிரிந்தபடி இருந்தது. ஒரு மனிதருக்குள் இவ்வளவு தண்ணீரா என்று மனைவி வாய்பிளந்தாள். நாளாக நாளாகக் கால் வற்றியது, வயிறு உள்ளே போனது, ஒரே தலையணையில் படுத்தார். படுத்ததும் பழைய திமிர் எட்டிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம், அவர் போட்டிருந்த செருப்பு அளவு தப்பு என்று எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா இளவயசுக்காரி. தூக்கம் போதாத கண்கள். அறிக்கையைப் புரட்டினாள். "பழசா ஒரு அட்டாக் வந்திருக்கு. எப்ப வந்துச்சு?"

"கேஸ்தான் ஒரு தடவ..." என்று அவர் சொன்னதும் மனைவி அவரைப் பார்த்தாள்.

"மாத்திரை எழுதியிருக்கேன். ஒழுங்கா சாப்பிடுங்க, உப்பைக் குறைங்க. போகப் போகச் சரியாயிடும்" என்றாள் டாக்டரம்மா. சொல்லும்போது தலை லேசாகச் சாய்ந்தது. குரல் தணிந்தது. பார்வை கதவுப் பக்கம் போனது.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர், அந்த வார்த்தைய நான் காலமெல்லாம் வித்திருக்கேன். அப்படித்தான் தலையைச் சாய்ப்பேன். அப்படித்தான் வாசலைப் பார்ப்பேன். சொல்லும்போதே தெரியும் எனக்கு, அந்த செருப்பு சரியாகாதுன்னு. நீங்க உண்மையச் சொல்லுங்க."

டாக்டரம்மா கதவிலிருந்து கண்ணை எடுத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பழையபடி ஆகாது சார். அட்டாக்ல ஒரு பகுதி வேலை செய்யாம போயிடுச்சு. மீதிப் பகுதி அதுக்கும் சேர்த்து உழைச்சு, பிரஷரையும் தாங்கி, விரிஞ்சு, தொய்ஞ்சு போச்சு. பெருசாயிருக்கு, ஆனா பலமில்ல. சுருங்கித் தள்ள முடியல."

"இழுத்து இழுத்துத் தொய்ஞ்ச தோல்" என்றார் அவர் மெதுவாக. "பிடிமானம் போயிடும்."

"ஆமா. மாத்திரையால கொஞ்சம் தேறலாம். நிறைய பேர் நல்லா வருஷக்கணக்கா இருக்காங்க. ஆனா தினம் காலையில எடை பார்க்கணும். திடீர்னு ஏறினாலோ, கால் வீங்கினாலோ அன்னைக்கே இங்க வரணும். கம்பெனிமேல பழி போடக் கூடாது." நர்ஸ் எல்லாக் கதையும் சொல்லியிருக்கிறாள் போல. "மாத்திரையை நிறுத்தினா அடுத்த தடவ இவ்வளவு தூரம் வந்து சேருவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி ஒரு அமைதியை மனைவி பார்த்ததில்லை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மைத்துனன் கடையிலிருந்து ஷூ கொண்டுவந்தான். அடியில் எட்டு என்று ஸ்டிக்கர். அவர் குனியப் போனார். "நீங்க சும்மா இருங்க" என்று மனைவி தரையில் உட்கார்ந்து அவர் காலை எடுத்து ஷூவுக்குள் வைத்தாள். அவர் நெளிந்தார். எத்தனையோ பேர் காலடியில் உட்கார்ந்தவர். தன் காலடியில் ஒருத்தி உட்கார்வது தாங்க முடியாமல் இருந்தது.

வற்றிப்போன கால் உள்ளே போய்த் தொலைந்துவிட்டது. ஷூ தொளதொளவென்று தொங்கியது. மனைவி அதைத் திருப்பி அடியைப் பார்த்தாள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"எட்டுன்னுதான் போட்டிருக்கு. ஷூ சரியாத்தான் இருக்கு. உங்க கால் இளைச்சுப் போச்சு."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் இரைப்பாகி, கை நெஞ்சுக்குப் போனது. மனைவியின் கேலி அந்த இடத்திலேயே வற்றியது. அவர் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். மூச்சு மெல்ல மெல்ல நிலைக்கு வந்தது.

"கால் இளைக்கலடி" என்றார். "நம்பர் தப்பு. நான் ஒட்டினது தப்பு."

"சத்தமா சொல்லுங்க. தம்பிக்குக் கேக்கல."

"தப்புன்னேன்."

மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் குனிந்து லேஸை இழுத்து, இறுக்கி, முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்ட பிறகும் காலை விடவில்லை.